கேட்டவருக்குப் பதில் வேண்டும்

அரசின் மீது மக்களுக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது என்று ஆண்டுக்கு ஓர் அறிக்கையாவது வந்துவிடுகிறது. அதன் பின்னாலேயே விவாதமும் வரும். ஒரு தரப்பு அரசியல்வாதிகளைத் திட்டும். இன்னொரு தரப்பு மக்களைக் குறை சொல்லும். எதிர்பார்ப்பு எல்லை மீறிப் போய்விட்டது, எல்லாவற்றையும் அரசே செய்ய வேண்டும் என்கிறார்கள், வரி கட்ட மட்டும் மனம் வருவதில்லை, இப்படி இருந்தால் எந்த ஆட்சிதான் நல்ல பெயர் வாங்க முடியும் என்பார்கள். இந்த இரண்டாவது பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நம்பிக்கை குறைவதைவிட எனக்குப் பெரிய கவலையாக இருப்பது, மக்கள் எதிர்பார்ப்பதையே நிறுத்திக்கொண்டு வருகிறார்கள் என்பது. அப்படி இருக்கும்போது எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரை, நோயையே மருந்தாகக் கொடுப்பதுபோலப் படுகிறது.

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடலாம். அரசு மீதான நம்பிக்கையை நீண்ட காலமாக அளந்துவரும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா. 1958-இல் அங்கே நடந்த தேர்தல் ஆய்வொன்றில், வாஷிங்டனில் இருக்கும் அரசு சரியானதைச் செய்யும் என்று எந்த அளவுக்கு நம்பலாம் என்று மக்களிடம் கேட்டார்கள். எப்போதும் நம்பலாம், பெரும்பாலும் நம்பலாம் என்றவர்களைச் சேர்த்தால் 73 சதவீதம். கிட்டத்தட்ட அதே கேள்வியை இன்றுவரை கேட்டு வருகிறார்கள். 1964-இல் அது 77-ஐத் தொட்டது. வாட்டர்கேட் விவகாரத்தில் ஜனாதிபதி நிக்ஸன் பதவி விலகிய 1974-இல் 36-க்கு இறங்கியது. 2001 செப்டம்பர் தாக்குதலை ஒட்டிச் சில மாதங்கள் மேலே போய்த் திரும்பவும் சரிந்தது. 2023-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது 16 சதவீதம்.

இந்தச் சரிவைக் காட்டுபவர்கள் 1964-ஐ ஒரு பொற்காலம்போல வைத்துப் பேசுவது வழக்கம். அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 4 அன்று டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாவது முறையாகத் தாக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. அதை வைத்து ஆகஸ்ட் 7 அன்று வியட்நாமில் போர் நடத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றம் ஜனாதிபதிக்கு வழங்கியது. கீழவையில் 416 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவர்கூட இல்லை. மேலவையில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிற்பாடு உறுதியானது. அதே ஆண்டில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், கறுப்பின ஆண்கள் சுமார் 600 பேரை வைத்து அரசின் பொதுச் சுகாதாரத் துறை நடத்திய மேகநோய் ஆய்வும் ஓடிக்கொண்டிருந்தது. நோய்க்குப் பென்சிலின் வழக்கமான மருந்தாகிப் பல ஆண்டுகள் ஆகியும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. உங்களுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்றே சொல்லி வைத்திருந்தார்கள். 1932-இல் தொடங்கிய அந்தக் கொடுமை, 1972-இல் செய்தியாக வெளிவந்த பிறகுதான் நின்றது.

77 சதவீதம் பேர் நம்பிய அரசு இதைத்தான் செய்துகொண்டிருந்தது. பத்தே ஆண்டுகளில் அந்த எண் பாதிக்கும் கீழே போனதற்கு, மக்களுக்கு உண்மை தெரியவந்தது ஒரு முக்கியமான காரணம். தெரியாமல் வைத்திருந்த நம்பிக்கையைத் தெரிந்த பிறகு விலக்கிக்கொண்டவர்களை நான் எப்படிக் குறை சொல்வேன்? தத்துவ அறிஞர் ஒனோரா ஓநீல் 2002-இல் பிபிசி வானொலியில் ஆற்றிய தொடர் உரைகளில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். நம்பிக்கையைக் கூட்டுவதை ஒரு குறிக்கோளாக வைப்பதில் பயனில்லை, நம்பத் தகுந்தவரை நம்பவும் தகாதவரை நம்பாமல் இருக்கவும் மக்களுக்கு வழி வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். நம்பிக்கைச் சரிவு பற்றிய எந்தப் பேச்சையும் நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன்.

நம்பிக்கையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 177 நாடுகளின் கோவிட் நிலவரத்தை ஒப்பிட்டு 2022-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, அரசின் மீதும் சக மனிதர் மீதும் நம்பிக்கை அதிகமாக இருந்த நாடுகளில் தொற்று குறைவாக இருந்ததைக் காட்டியது. வீட்டுக்குள் இருங்கள் என்று அரசு சொன்னால், அது நம் நன்மைக்குத்தான் சொல்கிறது என்று தோன்ற வேண்டும். அது தோன்றாத இடத்தில் உயிர்கள் போகின்றன. ஆகவே அந்த எண்கள் சரிவது எனக்கும் கவலைதான். ஆனால் எண்ணை ஏற்றுவதற்காக விளம்பரம் செய்யும் அரசும், எண் ஏறும்படி நடந்துகொள்ளும் அரசும் ஒன்றல்ல.

எதிர்பார்ப்புக்கு வருவோம். மக்கள் அளவுக்கு மீறிக் கேட்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு புதியதல்ல. 1975-இல் மிஷேல் குரோசியர், சாமுவேல் ஹண்டிங்டன், ஜோஜி வாதனுகி என்ற மூன்று அறிஞர்கள் முத்தரப்பு ஆணையம் என்ற அமைப்புக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா, ஜப்பான் ஆகியவற்றின் ஜனநாயகங்கள் தாங்க முடியாத கோரிக்கைகளால் திணறுகின்றன என்பது அதன் வாதம். அதிலும் ஹண்டிங்டன், அன்றைய அமெரிக்காவின் தொல்லைகளில் சில ஜனநாயகம் மிதமிஞ்சிப் போனதால் வந்தவை என்றே எழுதினார். அன்றைக்குப் புதிதாகக் கேட்கத் தொடங்கியிருந்தவர்கள் யார்? கறுப்பின மக்கள், பெண்கள், மாணவர்கள். அதுவரை கேட்காமல் இருந்தவர்கள் கேட்டதும் சுமை கூடிவிட்டது என்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பேச்சு வேறு வேறு வாய்களிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

மக்கள் உண்மையில் என்னதான் எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உளவியல் அறிஞர் டாம் டைலர் 1984-இல் சிகாகோ நகரில் 1,575 பேரிடம், காவல்துறையோடும் நீதிமன்றத்தோடும் அவர்களுக்கு ஏற்பட்ட அனுபவங்களைப் பற்றிக் கேட்டார். தீர்ப்பு தனக்குச் சாதகமாக வந்ததா என்பதைவிட, நடைமுறை நியாயமாக இருந்ததா, தன் தரப்பைச் சொல்ல விட்டார்களா, மரியாதையாக நடத்தினார்களா என்பவைதான் அந்த அமைப்புகளைப் பற்றி மக்கள் வைத்திருந்த எண்ணத்தை அதிகமாகத் தீர்மானித்தன. அபராதம் கட்டிவிட்டு வந்தவர்கூட, நியாயமாக நடத்தப்பட்டதாக உணர்ந்தால் சட்டத்தை மதிக்கிறார்.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2023-இல் 30 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பிலும் இதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு விஷயம் இருக்கிறது. தேசிய அரசின் மீது ஓரளவாவது உறுதியான நம்பிக்கை இருப்பதாகச் சொன்னவர்கள் 39 சதவீதம். நம்பிக்கை குறைவு அல்லது இல்லவே இல்லை என்றவர்கள் 44. செய்திகள் எல்லாம் இந்த இரண்டு எண்களோடு நின்றுவிட்டன. என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு கணக்கு. அரசு செய்வதில் தன்னைப் போன்றவர்களின் குரலுக்கும் இடம் உண்டு என்று நினைப்பவர்களில் 69 சதவீதம் பேர் அரசை நம்புகிறார்கள். அப்படி நினைக்காதவர்களில் வெறும் 22. வயது, படிப்பு, வருமானம் ஆகியவற்றால் வரும் வேறுபாடுகள் எல்லாம் இதற்கு முன்னால் சிறியவை. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் வேண்டும்தான். ஆனால் அந்த 47 புள்ளி இடைவெளியில் தெரிவது வேறொரு பசி. நான் பேசினால் யார் காதிலாவது விழுமா என்ற கேள்வி அது.

இதை நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியம் தடைபட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போனாலும் “மேலே போயிருக்கு”, “வரும்”, “அடுத்த வாரம் பாருங்க” என்ற மூன்று பதில்கள்தான். அந்தப் பணம் இல்லாமல் வீட்டில் சோறு நின்றுவிடவில்லை. ஆனாலும் அம்மா ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது கொஞ்சம் சிறுத்துப்போய் வந்தார். முப்பது ஆண்டு வேலை பார்த்தவரின் மனைவி, ஏதோ இரவல் கேட்கப் போனவரைப்போல நிற்க வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள் அங்கே புதிதாக வந்திருந்த இளம் அலுவலர் ஒருவர், “உட்காருங்கம்மா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, கோப்பை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். “இந்தத் தாள்ல அய்யாவோட இனிஷியல் ஒண்ணு இருக்கு, இதுல ரெண்டு இருக்கு. அதனாலதான் கணக்குப் பிரிவுல நிறுத்தி வச்சிருக்காங்க. ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு ஒரு சான்று வேணும். அதைக் கொடுத்தாலும் சில மாசம் ஆகும்மா. சீக்கிரம் முடிஞ்சிடும்னு நான் சொன்னா அது பொய்” என்றார்.

அன்றைக்குப் பணம் கிடைக்கவில்லை. கிடைக்க இன்னும் பல மாதங்கள் ஆகும் என்ற கெட்ட செய்திதான் கிடைத்தது. ஆனால் வெளியே வந்த அம்மா, “இந்தப் பிள்ளை நம்மள மனுசியா மதிச்சுப் பேசுச்சு” என்றார். அதன் பிறகு அந்த அலுவலகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை தவறாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மேசைக்கு மேசை அலைய விட்டவர்களும் அந்த அலுவலகம்தான், இவரும் அந்த அலுவலகம்தான். காரணத்தைச் சொன்ன ஒருவரால், காரணம் சொல்லாத அத்தனை பேரும் மன்னிக்கப்பட்டார்கள். இதில் எல்லை மீறிய எதிர்பார்ப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கிறேன். ஐந்து நிமிடம், ஒரு நாற்காலி, திருப்பி வைத்த ஒரு கோப்பு, இவ்வளவுதான்.

காரணம் சொல்ல மறுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நெதர்லாந்தில் நடந்ததைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு சமீப காலத்தில் எனக்குத் தெரிந்து குறைவு. நல்ல நிர்வாகத்துக்குப் பெயர்போன நாடு அது. அங்கே குழந்தைப் பராமரிப்புக்கு அரசு தரும் உதவித்தொகையில் மோசடி நடக்கிறது என்று சொல்லி வரித்துறை வேட்டையில் இறங்கியது. படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தாலும், பெற்றோர் தங்கள் பங்கில் சிறு தொகையைக் கட்டாமல் விட்டிருந்தாலும், அந்த ஆண்டு பெற்ற உதவி முழுவதையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். பலருக்கு அது பல்லாயிரம் யூரோ. யாரைச் சந்தேகிப்பது என்று முடிவு செய்வதில் குடியுரிமை விவரங்களையும் பயன்படுத்தினார்கள். அப்படிச் செய்தது சட்டவிரோதம், பாரபட்சம் என்று அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையமே 2020-இல் முடிவு கூறியது. பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின. வீடு போனது, வேலை போனது, மணவாழ்க்கைகள் முறிந்தன. அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறிடங்களில் வளர்க்கப்பட்டார்கள்.

அந்தப் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் கேட்டது ஒன்றுதான்: நான் என்ன தவறு செய்தேன், சொல்லுங்கள். போராடி வாங்கிய சொந்தக் கோப்பைத் திறந்தால், பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசி மறைத்திருந்தது. பீட்டர் ஓம்ட்ஸிக்ட், ரென்ஸ்கே லெய்டன் என்ற இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களும் செய்தியாளர்கள் சிலரும் விடாமல் துருவியதால்தான் விஷயம் வெளியே வந்தது. 2020 டிசம்பரில் வந்த நாடாளுமன்ற விசாரணை அறிக்கை, இதுவரை காணாத அநீதி என்று இதைச் சொன்னது. 2021 ஜனவரி 15 அன்று மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. இரண்டு மாதத்தில் வந்த தேர்தலில் அவர் கட்சியே முதலிடம் பெற்று, அவரே மறுபடி பிரதமரானார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைப் படித்தபோது அந்தப் பெற்றோர் தொலைக்காட்சியில் அந்த முடிவுகளை எந்த மனதோடு பார்த்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இவர்களிடம் போய் அரசை ஏன் நம்பவில்லை என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்க வேண்டியதில்லை.

வாக்குறுதிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்பிக்கை என்றதும் எல்லாரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். அரசியல்வாதி சொன்னதைச் செய்ய மாட்டார் என்பது உலகம் முழுக்க இருக்கும் எண்ணம். ஆனால் 12 நாடுகளில் 57 தேர்தல் பிரசாரங்களில் கொடுக்கப்பட்ட இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குறுதிகளை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்த்தால், தனித்து ஆட்சி அமைத்த கட்சிகள் தங்கள் வாக்குறுதிகளில் பெரும்பாலானவற்றை முழுமையாகவோ ஓரளவுக்கோ நிறைவேற்றியிருக்கின்றன. கூட்டணி ஆட்சிகளில் அது குறைகிறது. அப்படியானால் மக்கள் ஏமாளிகளா, செய்ததைப் பார்க்கத் தெரியாதவர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. எல்லா வாக்குறுதியும் ஒரே எடை கிடையாது.

பிரிட்டனில் 2010 தேர்தலுக்கு முன்பு லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டு, அதைப் பிடித்துக்கொண்டு படமும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களை நம்பி முதல்முறை வாக்களித்த மாணவர்கள் ஏராளம். தேர்தல் முடிந்து கூட்டணி ஆட்சியில் பங்கேற்றதும், அதே ஆண்டு டிசம்பரில் கட்டண உச்சவரம்பைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்கி 9,000 பவுண்டாக உயர்த்தும் திட்டத்துக்குத் தலைவர் நிக் கிளெக்கும் கட்சியினர் பலரும் ஆதரவாக வாக்களித்தார்கள். 2012-இல் கிளெக் மன்னிப்புக் கேட்டார். செய்ய முடியும் என்ற உறுதி இல்லாமல் அந்த வாக்கைக் கொடுத்திருக்கக் கூடாது என்பதுதான் அந்த மன்னிப்பு. 2015 தேர்தலில் 57 இடங்களிலிருந்து 8 இடங்களுக்கு அந்தக் கட்சி விழுந்தது. வருமான வரி விலக்கு வரம்பை 10,000 பவுண்டாக உயர்த்துவோம் என்ற வாக்கை அவர்கள் காப்பாற்றத்தான் செய்தார்கள். அதை யாரும் நினைவில் வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஒருவர் கண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு, அறிக்கையின் நாற்பதாம் பக்கத்தில் அச்சிட்ட வாக்கைப் போன்றதல்ல. எதை நம்பி வந்தார்கள் என்று வந்தவர்களுக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னால் மக்கள் தாங்க மாட்டார்கள் என்ற நினைப்பும் ஆட்சியில் இருப்பவர்களிடம் ஆழமாக இருக்கிறது. டென்மார்க்கின் மைக்கேல் பாங் பீட்டர்சனும் அவர் குழுவினரும் கோவிட் தடுப்பூசியை வைத்து இதைச் சோதித்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தடுப்பூசியின் குறைகளையும் ஒளிக்காமல் சொன்னபோது, அதைப் போட்டுக்கொள்ள முன்வந்தவர்கள் குறைந்தார்கள். ஆனால் சுகாதார அதிகாரிகள் மீதான நம்பிக்கை கூடியது. பூசி மெழுகி, கவலைப்படாதீர்கள் என்று மட்டும் சொன்னபோது போட்டுக்கொள்பவர்களும் கூடவில்லை, நம்பிக்கையும் குறைந்தது. உண்மை பேசுவதற்கு ஒரு விலை இருக்கிறது, அது உடனே கொடுக்க வேண்டிய விலை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைப் பார்ப்பவர்கள் அந்த விலையைக் கொடுக்கத் தயங்குவது புரிகிறது. ஆனால் செவி கைக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் பண்பை ஆள்பவரிடம் எதிர்பார்க்கும் நமக்கு, அதே சொல்லைக் கேட்டுக்கொள்ளும் பக்குவமும் உண்டு.

கருத்துக் கேட்பு என்ற பெயரில் நடப்பவற்றிலும் இதே விஷயம்தான். அயர்லாந்தில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 99 சாதாரணக் குடிமக்களை ஒரு நீதிபதியின் தலைமையில் உட்காரவைத்து, பல வார இறுதிகளில் கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேச வைத்தார்கள். அவர்கள் பரிந்துரைத்த திசையில் அரசு நகர்ந்தது. 2018 மே மாதம் பொதுவாக்கெடுப்பு நடந்து, 66.4 சதவீதம் பேர் அரசியலமைப்பில் இருந்த தடையை நீக்க ஆதரவு தந்தார்கள். பிரான்ஸில் 150 பேரைக் கூட்டிக் காலநிலை மாற்றத்துக்கு வழி கேட்டார்கள். நீங்கள் சொல்வதை வடிகட்டாமல் நாடாளுமன்றத்துக்கோ வாக்கெடுப்புக்கோ கொண்டுபோவேன் என்று ஜனாதிபதி மக்ரோன் வாக்குக் கொடுத்தார். அவர்கள் 149 யோசனைகளைக் கொடுத்தார்கள். பல யோசனைகள் வழியிலேயே மெலிந்துபோயின, சில காணாமலே போயின. 2021 பிப்ரவரியில் அவர்கள் மறுபடி கூடி, தங்கள் யோசனைகளை அரசு எடுத்துக்கொண்ட விதத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். பத்துக்குச் சராசரி 3.3. கேட்கவே கேட்காத அரசின் மீது வருவது அலுப்பு. கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டுவிட்டு ஒதுக்கிய அரசின் மீது வருவது வேறு மாதிரி வலி. ஆனாலும் அவர்கள் திரும்பி வந்து மதிப்பெண் போட்டார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. அவர்கள் இன்னும் கைவிடவில்லை.

கைவிட்டவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம். அரசை நம்பாதவர்கள் இரண்டு வகையாக இருக்கிறார்கள். ஒரு வகையினர், இந்தக் கணக்கைக் காட்டு, இந்தத் தீர்மானத்துக்குக் காரணம் சொல் என்று நிற்பவர்கள். அவர்களின் ஐயத்துக்குள் ஓர் எதிர்பார்ப்பு உயிரோடு இருக்கிறது. அரசு சரியாக நடக்க முடியும் என்று நினைப்பதால்தான் நடக்காதபோது கோபப்படுகிறார்கள். இன்னொரு வகையினர், “எல்லாரும் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுபவர்கள். இந்த இரண்டாவது பேச்சு கேட்பதற்கு விவரம் தெரிந்தவர் பேச்சுபோல இருக்கும். ஆனால் அதனால் அதிகம் லாபம் அடைபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். நேர்மையாக இருக்கும் ஓர் உறுப்பினருக்கும் பொதுப்பணத்தைத் தின்பவருக்கும் அதில் வித்தியாசமே இல்லை. நேர்மையானவருக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு போய்விடுகிறது, திருடுபவருக்கு இருக்க வேண்டிய அச்சமும் போய்விடுகிறது. எல்லாரும் அப்படித்தான் என்று ஒரு சமூகம் முடிவு கட்டிவிட்டால், அப்படி இல்லாத ஒருவர் அரசியலுக்கு வர எந்தக் காரணமும் மிஞ்சாது. கருத்துக்கணிப்புகள் இந்த இரண்டு வகையினரையும் ‘நம்பிக்கை இல்லை’ என்ற ஒரே கட்டத்தில் போட்டு எண்ணுகின்றன. சரிவு என்று நாம் பார்க்கும் எண்ணுக்குள் யார் எத்தனை பேர் என்பதில்தான் ஒரு நாட்டின் நிலைமை இருக்கிறது.

கைவிடுவதற்கு எல்லா நியாயமும் இருந்தும் கைவிடாதவர்கள் என்றால் எனக்கு ராஜஸ்தான் தொழிலாளர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அரசின் வறட்சி நிவாரண வேலைகளில் மண் வெட்டியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூட முழுதாகக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், நீங்கள் வேலை செய்த அளவு அவ்வளவுதான், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது ரகசியம் என்றார்கள். இந்திய ஆட்சிப் பணியை 1975-இல் விட்டு வந்த அருணா ராயும் நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் அந்த மக்களோடு சேர்ந்து 1990 மே நாளில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1994 டிசம்பரிலிருந்து ஊர் ஊராகப் பொது விசாரணைகள் நடந்தன. எப்படியோ கிடைத்த மஸ்டர் ரோல் எனப்படும் கூலிப் பதிவேட்டின் நகல்களை ஊர் நடுவே சத்தமாகப் படித்தார்கள். செத்துப்போனவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது. வேலைக்கே வராதவர்கள் பெயர் இருந்தது. முடியாத கட்டடம் முடிந்ததாகக் கணக்கு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பலர், தங்கள் பெயர் வாசிக்கப்பட்டபோது எழுந்து, இந்தப் பணம் எனக்கு வரவில்லை என்று சொன்னார்கள்.

“ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்”, எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பது அவர்கள் முழக்கம். 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 2000-இல் ராஜஸ்தானில் தகவல் உரிமைக்கான சட்டம் வந்தது. நாடு முழுவதும் பலர் சேர்ந்து உழைத்ததில், 2005 அக்டோபர் 12 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தியா முழுக்க நடைமுறைக்கு வந்தது. கேட்டால் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்துக்குள். நியாயமான காரணமின்றித் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம், அதுவும் அந்த அலுவலர் மீதே. ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்க அலுவலருக்கு உரிமை கிடையாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. நாள் முழுக்க மண் வெட்டியும் கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டவர்களின் எதிர்பார்ப்பு, அத்தனை பேருக்கும் உரிய சட்டமாகியிருக்கிறது. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் அன்றைக்குச் சொல்லியிருந்தவர்கள் நிறைய பேர் இருந்திருப்பார்கள்.

அந்தச் சட்டம் இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பதில் கிடைக்காதவர்களின் மேல்முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையர்களின் பதவிக்காலம் ஐந்தாண்டு என்றும் ஊதியம் இன்னது என்றும் முன்பு சட்டத்திலேயே இருந்தது. 2019-இல் கொண்டுவந்த திருத்தம், அவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குக் கொடுத்தது. யார்மீது உத்தரவு போட வேண்டுமோ அவர்கள் கையிலேயே தன் பதவிக்காலம் இருந்தால், ஓர் ஆணையர் எவ்வளவு துணிவோடு இருக்க முடியும்? பல மாநிலங்களில் ஆணையர் இடங்கள் நீண்ட காலம் காலியாக விடப்படுகின்றன, இரண்டாம் மேல்முறையீடுகள் தேங்குகின்றன. 30 நாளில் வர வேண்டிய பதிலுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தேங்கிக் கிடக்கும் ஒவ்வொரு மேல்முறையீட்டுக்குப் பின்னாலும், “எல்லாரும் அப்படித்தான்” என்று இன்னும் சொல்லாத ஒருவர் இருக்கிறார். அவர்கள் அந்தப் பேச்சுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பு அந்த இடங்களை நிரப்ப வேண்டும், காலக்கெடுவைக் காப்பாற்ற வேண்டும், தாமதித்தவர்களிடம் அபராதத்தை உண்மையிலேயே வசூலிக்க வேண்டும். மக்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவோம் என்று எந்தக் கட்சி மேடையில் பேசினாலும், இந்த மூன்றையும் எப்போது செய்வீர்கள் என்றுதான் நான் கேட்கப்போகிறேன்.